சைக்கிள் பையில் என்ன இருக்க வேண்டும்? – மலைநாட்டு வாசகர் கேள்விகளும் பதில்களும்

சைக்கிளில் தூரப் பயணம் போகிறவர்கள் கையோடு கொண்டுபோக வேண்டிய கருவிகளையும் உதிரிப்பாகங்களையும் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: நானும் இரு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நானுஓயா வரை கியர் சைக்கிளில் போய்வர எண்ணியிருக்கிறோம். கடையில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் அடங்கிய பெட்டியொன்றைக் காட்டி, இதை வாங்கினால் வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா? – ஆசிரியர் ஒருவர், ஹட்டன்.

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியில் பொருட்களை அடுக்கியவர் உங்கள் சைக்கிளைக் கண்டவரல்லர். அதிலுள்ளவற்றில் பாதி உங்கள் சைக்கிளின் எந்தத் திருகாணிக்கும் பொருந்தாது. பொருந்துகிற மீதியிலும் சிலவற்றை வீதியோரத்தில் பயன்படுத்த உங்களுக்குத் துணிவு வராது. கடைத்தட்டிலிருந்து தொடங்காமல் சைக்கிளிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை வாசலில் ஒரு சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழியில் செய்ய நேரக்கூடிய வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். இரண்டு சில்லுகளையும் கழற்றி மாட்டுங்கள். பின்சில்லின் டியூபை வெளியே எடுத்து, மறுபடி வைத்து, பயணத்துக்கு எடுத்துச்செல்ல எண்ணியிருக்கும் அதே சிறிய பம்பால் காற்றடியுங்கள். ஆசனம், கைப்பிடி, பிரேக், போத்தல் தாங்கி ஆகியவற்றின் திருகாணிகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்குங்கள். இவ்வளவுக்கும் கை எதையெல்லாம் தொட்டதோ அவை பைக்குள் போகட்டும். தொடாதவை வீட்டில் இருக்கட்டும். இன்றைய கியர் சைக்கிளாயின் பெரும்பாலும் அறுகோணக் குழியுள்ள திருகாணிகளுக்கான 4, 5, 6 மில்லிமீற்றர் எலன் கீகள், கியருக்கும் பிரேக்குக்கும் வேண்டிய 2.5 அல்லது 3 மில்லிமீற்றர் கீ ஒன்று, டிஸ்க் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலைத் திருகாணிக்கான டி-25 கீ, சிறிய ஸ்குரூ டிரைவர், இரண்டு டயர் லீவர், செயின் கட்டர், பம்ப் என்ற அளவில் அது முடிந்துவிடும். இவற்றில் பம்பையும் லீவரையும் தவிர மற்றவை யாவும் ஒரே மடக்குக் கருவியாகக் கிடைக்கின்றன.

மடக்குக் கருவியை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதன் கை மிகக் குட்டையாக இருந்தால், கடையில் நீண்ட கருவியால் இறுக்கிய திருகாணியை அது அசைக்காது. எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஒரு கடையில் சரிபார்த்து வாங்கிய சைக்கிளின் ஆசனம் நடுவழியில் சாய்ந்துபோக, கையில் சரியான அளவு கீ இருந்தும், அதைத் திருப்ப முடியாமல் விரல்கள் சிவந்ததுதான் மிச்சம். அன்றுமுதல், கடையிலிருந்து சைக்கிள் வீட்டுக்கு வந்ததும் எல்லாத் திருகாணிகளையும் பயணப் பையிலுள்ள கருவியாலேயே ஒருமுறை தளர்த்தி இறுக்கி வைப்பது என் வழக்கமாகிவிட்டது.

மூவர் சேர்ந்து போவதால் பம்பும் செயின் கட்டரும் ஆளுக்கொன்று வேண்டியதில்லை. டியூப் மட்டும் அவரவர் சைக்கிளின் அளவில் அவரவரிடம் இருக்க வேண்டும். பம்ப் வைத்திருப்பவர் எப்போதும் கடைசியாக வரட்டும். வேகமானவரிடம் பம்பைக் கொடுத்தால், அவர் சென் கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, காற்றுப் போன நண்பர் கொட்டகலையிலேயே நின்றுகொண்டிருப்பார்.

கேள்வி: ஒட்டுப் போடும் பொருட்களைக் கொண்டுபோனால் எத்தனை பஞ்சரையும் சமாளிக்கலாமே, பிறகு எதற்காகக் காசு கொடுத்து மேலதிக டியூப் வாங்க வேண்டும்? – மாணவன், பதுளை.

பதில்: உலர்ந்த ஊராக இருந்தால் உங்கள் கணக்குச் சரி. டியூபின் மேற்பரப்பை அரத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லியதாகப் பூசி, அது பளபளப்பு நீங்கி முற்றாகக் காயும்வரை ஐந்து நிமிடமேனும் பொறுத்து, பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஒட்டுப் பிடிப்பதும் பிடிக்காததும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. மூடுபனிக்குள்ளும் தூறலுக்குள்ளும் நின்றுகொண்டு, நனைந்த விரல்களால், நனைந்த டியூபில் இதைச் செய்ய முயன்றவர்களுக்கு மேலதிக டியூபின் அருமையை விளக்க வேண்டியதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கிறது. ஆண்டு முடிவில் வடகீழ் மழை உங்கள் ஊவாப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இடையில் பிற்பகல் இடிமழை எங்கும் உண்டு. ஆகவே மலைநாட்டில் வழியில் டியூபை மாற்றுவதும், வீட்டுக்கு வந்து அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுவதுந்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அதற்காக ஒட்டுப் பொருட்களை வீட்டில் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டாவது பஞ்சர் வருவதுண்டு. ஆனால் சொலூஷன் குழாயை ஒருமுறை திறந்தால் அது மூடியபடியே காய்ந்துபோகும். ஆகரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் எனக்கு இரண்டாவது பஞ்சர் ஆனபோது, கொழுந்து மடுவத்தில் ஒதுங்கி, நம்பிக்கையோடு குழாயை அழுத்தினேன். காற்று மட்டுமே வந்தது. கொழுந்து நிறுக்க வந்த அக்கா ஒருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காலப் பாருங்க தம்பி” என்றார். டியூபையே கவனித்துக்கொண்டிருந்ததில், காலுறைக்கு மேலே மூன்று அட்டைகள் ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இப்போது என் பையில் திறக்காத சிறிய சொலூஷன் குழாய் ஒன்றும், ஒரு துண்டுச் சவர்க்காரமும் இருக்கின்றன. புல்வெளியில் உட்கார்ந்து சில்லைக் கழற்றப் போகிறவர் அதை முதலில் காலுறையில் தேய்த்துக்கொள்வது நல்லது. பசையோடு வரும் ஸ்டிக்கர் ஒட்டுகள் அவசரத்துக்கு உதவும். அவற்றை நம்பி நீண்ட இறக்கத்தில் போகாதீர்கள்.

புதிய டியூபைப் போடுவதற்குமுன், பழையதைத் துளைத்தது எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். டயரில் எழுத்துப் பொறித்திருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் இருந்தால், டியூபிலுள்ள துளை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்து டயரில் குற்றவாளி இருக்கும் இடத்தைத் தேடலாம். கவ்வாத்து வெட்டிய மலையோரத்தில் கிடக்கும் கூரிய குச்சியின் முனை டயருக்குள் முறிந்து நின்றால், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு துணியை உட்புறமாகச் சுற்றி இழுத்தால் அது சிக்கும். பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் இருந்தால் தேட வேண்டியது எதுவுமில்லை: காற்றுக் குறைவாக இருந்த சில்லு கல்லில் இடித்து, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. தோட்டத்துக் கல்பாதைகளில் முள்ளால் வருவதைவிட இப்படி வருவதே அதிகம் என்பது என் அனுபவம்.

டயரே கிழிந்துவிட்டால், பால்மா பக்கற்றின் ஒரு துண்டை இரண்டாக மடித்து உட்புறம் வைத்து, அளவாகக் காற்றடித்து, மெதுவாக வீடு வரலாம். அந்தத் துண்டுக்குப் பாரமும் இல்லை, விலையும் இல்லை.

கேள்வி: அப்பாவின் பழைய கறுப்புச் சைக்கிளில் தினமும் ஆறு கிலோமீற்றர் வேலைக்குப் போகிறேன். கியர் இல்லை, கம்பிப் பிரேக்தான். இந்தச் சைக்கிளுக்கும் பை, கருவி என்றெல்லாம் வேண்டுமா? – வாசகி, தலவாக்கலை.

பதில்: உங்கள் சைக்கிளுக்கு எலன் கீ ஒன்றுகூடத் தேவைப்படாது, அது நட்டும் போல்ட்டுமான காலத்துச் சைக்கிள். சில்லு நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்று, சிறிய நட்டுகளுக்கு ஒன்று, டயர் லீவர், பம்ப் ஆகியவை போதும். கடையிலிருந்து அளவைக் கேட்டு வாங்காமல், சைக்கிளையே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பல தடவை கழற்றி மாட்டிய நட்டுகளின் மூலைகள் மழுங்கியிருக்கும். அவற்றில், வாயின் அகலத்தைத் திருகி மாற்றும் ஸ்பானர் நழுவும், அளவான மூடிய ஸ்பானர் நழுவாது.

பழைய சைக்கிளில் சில்லு காற்றிழந்தால் அது எப்போதும் பஞ்சராக இருக்க வேண்டியதில்லை. அதன் வால்வில், பித்தளைத் தண்டின் பக்கவாட்டுத் துளையை மூடியபடி ஓர் இறப்பர்ச் சிறுகுழாய் மாட்டியிருக்கும். வால்டியூப் என்று நாம் சொல்வது அதைத்தான். பம்பின் காற்று அதை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உள்ளேயிருக்கும் காற்று அதைத் தண்டோடு அழுத்தி மூடும். அந்த இறப்பர் முதிர்ந்து வெடித்தால், ஓட்டையே இல்லாத டியூபும் இரவோடிரவாக இறங்கிப்போகும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி எழுந்தால் டியூபைக் கழற்றவே வேண்டாம். விரல் நீளத்துக்கு வால்டியூப் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நகத்தளவு வெட்டி, எச்சிலில் நனைத்து, தண்டில் ஏற்றினால் வேலை முடிந்தது.

டியூபும் டயரும் வாங்கும்போது எண்களில் ஏமாந்துவிடாதீர்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 635 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. இன்றைய 700 டயர் 622 மில்லிமீற்றர். ‘26’ என்ற பெயரில் வருபவை அதைவிடக் குழப்பமானவை: 26 × 1⅜ என்று பின்னமாக எழுதியது 590, மவுண்டன் சைக்கிளின் 26 × 1.95 என்று தசமமாக எழுதியது 559. டியூப் சற்று நீளும், அதனால் அவசரத்துக்குப் பொருந்திக்கொள்ளும், டயர் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறு நேராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால், கம்பிப் பிரேக்கின் இறப்பர்க் கட்டைகள் அதில் ஏறக்குறைய வழுக்கிக்கொண்டே போகும். இதற்குப் பையில் வைக்கும் மருந்து கிடையாது. மழையில் செங்குத்தான இறக்கம் வந்தால் இறங்கி நடந்துவிடுங்கள்.

கேள்வி: கையால் அடிக்கும் பம்ப் நல்லதா, இப்போது வரும் சிறிய காஸ் குப்பி நல்லதா? கண்டியில் சரியாகக் காற்றடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறினால், உயரத்தினால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டிவருமா? – வாசகர், கண்டி.

பதில்: பம்ப். காஸ் குப்பி ஒரு தடவைக்குத்தான். அவசரத்தில் அதன் முனையைச் சரியாகப் பொருத்தாவிட்டால் அந்த ஒரு தடவையும் காற்றோடு போய்விடும், உலோகம் பனிபோல் குளிர்ந்து விரலைக் கடிக்கும். குப்பியிலிருக்கும் கரியமில வாயு இறப்பருக்கு ஊடாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசிவதால், அப்படி நிரப்பிய சில்லு மறுநாள் தளர்ந்திருக்கும். போட்டியில் ஓடுகிறவருக்கு நிமிடம் பெரிது, நமக்கு அப்படியல்ல. சிறிய பம்பால் தடித்த டயருக்கு இருநூறு முந்நூறு தடவை அடிக்க நேரும் என்பது உண்மைதான். அதற்காக, வால்வோடு நேரடியாகப் பொருத்தும் பம்பைவிட, குட்டைக் குழாய் வைத்த பம்பை வாங்குங்கள். அடிக்கும் வேகத்தில் கை ஆடினாலும் வால்வின் கழுத்து முறியாது. பம்பின் வாய் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஒரு வகை, நுனியில் சிறு திருகோடு வரும் மெல்லிய வால்வு இன்னொரு வகை. மெல்லிய வால்வுக்கெனத் துளையிட்ட ரிம்முக்குள் தடித்த வால்வுள்ள டியூப் போகவே போகாது என்பதால், மேலதிக டியூபுக்கும் இதே கவனம் வேண்டும்.

உயரத்தைப் பற்றிய கேள்வி சுவையானது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருக்கும் கண்டியிலிருந்து 1868 மீற்றரிலிருக்கும் நுவரெலியாவுக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் டயரின் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு இரண்டு இறாத்தல் அளவுக்குக் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் அவ்வளவு உயரம் ஏறும்போது குளிரும் ஒன்பது பாகை செல்சியஸ் அளவுக்குக் கூடிவிடுகிறது. குளிர்ந்த காற்று சுருங்குவதால், 50 இறாத்தல் அடித்த டயரில் ஏறத்தாழ அதே இரண்டு இறாத்தல் குறைந்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடுவதால் எதையும் செய்ய வேண்டாம். தார் வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதைக்குள் நுழையும்போது சற்றுக் குறைப்பதும், திரும்ப வீதிக்கு வந்ததும் ஏற்றுவதும் வேறு விடயம். அதற்கும் பம்ப்தான் வேண்டும்.

கேள்வி: எல்லவிலிருந்து வெல்லவாய வரை இறங்கியபோது என் பிரேக் கட்டைகள் ஒரே பயணத்தில் தேய்ந்துவிட்டன. பிரேக்குக்கென்று எதையாவது எடுத்துச்செல்ல வேண்டுமா? – வாசகர், பண்டாரவளை.

பதில்: சமவெளியில் எழுதப்படும் அறிவுரைகளில் பிரேக் கட்டை கடைசி வரியில் வரும், அல்லது வராது. நமக்கு அது டியூபுக்கு அடுத்த இடத்தில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆளும் சைக்கிளும் பையுமாகத் 90 கிலோ கிராம் எடை 1000 மீற்றர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், குழாயிலிருந்து பிடித்த இரண்டரை லீற்றர் தண்ணீரைத் தேநீருக்குக் கொதிக்கவைக்கப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறவர் அதைவிட அதிகமாகவே இறங்குகிறார். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம், நெருப்புப்பெட்டியைவிடச் சிறிய நான்கு கட்டைகளின் வழியாகத்தான் வெப்பமாகப் போக வேண்டும். மழையும் சேற்று மணலும் சேர்ந்தால் அந்தக் கட்டைகள் அரத்தில் தேய்த்தாற்போல் கரையும்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காயின், கட்டையிலுள்ள பள்ளக்கோடுகள் மறையும் நிலையில் இருக்கின்றனவா என்று புறப்படுமுன் பாருங்கள். மறையப்போகிறதென்றால் அதை மாற்றிவிட்டுப் புறப்படுங்கள், பையில் ஒரு சோடியை வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்காயின், தேயும் பொருள் அரை மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. அதற்குமேல் உலோகத்தோடு உலோகம் உரசி, விலையுயர்ந்த தட்டையும் கெடுக்கும். டிஸ்க் கட்டைகள் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒவ்வொரு வடிவம்; பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். நகரத்துக் கடையிலேயே எல்லா வடிவமும் கிடைப்பதில்லை என்னும்போது, மலைச்சந்திக் கடையில் அதைத் தேடுவது வீண். ஒரு சோடிக் கட்டை நெருப்புப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அதில் எண்ணெய் படாமலிருக்கப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். எண்ணெய் பட்ட கட்டை பிரேக் பிடிக்காது, சத்தம் மட்டும் போடும்.

கேபிள் பிரேக் வைத்திருப்பவர்கள் உட்கம்பி ஒன்றையும் எடுத்துச்செல்ல வேண்டும். பின் பிரேக்குக்குரிய நீளத்தில் வாங்கினால் முன்னதற்கும் உதவும். கம்பியின் தலை இரண்டு விதம்: நேரான கைப்பிடிக்கு உருளைத் தலை, வளைந்த பந்தயக் கைப்பிடிக்குப் பேரிக்காய் போன்ற தலை. பிரேக் கம்பி பெரும்பாலும் கைப்பிடிக்குள் தலைக்குப் பக்கத்தில்தான் இழை இழையாக அறும். மாதத்துக்கொருமுறை பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்து, அந்தப் பொந்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை நிமிர்ந்து நின்றாலும் மாற்றிவிட வேண்டும்.

எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக்குக்கு வழியில் செய்யக்கூடியது கட்டை மாற்றுவது மட்டுமே. சில்லைக் கழற்றியிருக்கும்போது யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால், கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில்லை மாட்ட முடியாமல் போகும். அதைத் தடுக்க இடையில் செருகி வைக்க, மடித்த கடதாசி அட்டைத் துண்டு ஒன்று போதும். இறங்கி முடிந்தவுடன் தட்டையோ ரிம்மையோ விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் அறுந்தது. செயின் கட்டர் கையில் இருந்தும் அரைமணி நேரம் போராடினேன். என்ன தவறு செய்தேன்? – வாசகர், மஸ்கெலியா.

பதில்: செயின் கண்ணிகளைப் பிணைக்கும் ஊசியைக் கட்டரால் முழுவதும் வெளியே தள்ளியிருப்பீர்கள்; வெளியே வந்த ஊசியை மீண்டும் நேராக உள்ளே செலுத்துவது பட்டறை மேசையிலேயே கடினம். கட்டரோடு ‘குயிக் லிங்க்’ எனப்படும் இணைப்புக் கண்ணி இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கட்டரின் வேலை சிதைந்த கண்ணியை நீக்குவதோடு முடிந்துவிடும். இரு முனைகளையும் இணைப்பது கையால் ஆகும் காரியம். அந்தக் கண்ணி உங்கள் பின் பல்சக்கரங்களின் எண்ணிக்கைக்கு உரியதாக இருக்க வேண்டும். எட்டுச் சக்கரச் செயினின் கண்ணி பத்துக்குப் பொருந்தாது. இணைக்கும்போது செயின் இழுத்துக்கொண்டு ஓடாதிருக்க, பழைய ஸ்போக் கம்பியில் ஒரு சாண் வெட்டி, இரு முனையையும் கொக்கியாக வளைத்து, இரு பக்கத்தையும் மாட்டிக்கொள்ளலாம். மூன்றாவது கை ஒன்று கிடைத்ததுபோல் இருக்கும்.

கியர் இல்லாத சைக்கிளின் செயினில் மீன் வடிவக் கிளிப் போட்ட கண்ணி இருக்கும். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏதாவதொன்றில் உரசிக் கழன்றுவிடும்.

அறுந்ததற்குக் காரணம், பாரம் முழுவதையும் மிதியில் வைத்துக்கொண்டே கியர் மாற்றியதாக இருக்கலாம், செயின் தேய்ந்திருந்ததாகவும் இருக்கலாம். ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: ஓர் ஊசியின் நடுவிலிருந்து, அதற்கு அடுத்ததை ஒன்றென எண்ணி, இருபத்துநான்காவது ஊசியின் நடுவரை சரியாக 12 அங்குலம் வர வேண்டும், அதைவிட ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எண்ணெயைப் பொறுத்தவரை, சமையலறைத் தேங்காய் எண்ணெயைச் செயினுக்கு விடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். நம் வீடுகளில் காலையில் போத்தலை அடுப்போரம் வைத்துத்தானே தலைக்கு எடுக்கிறோம். செயினுக்குள்ளும் அது அப்படியே கட்டியாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஸ்போக் கம்பியும் கியர் ஹேங்கரும் அவசியமா? – வாசகர், வெலிமடை.

பதில்: ஒருநாள் பயணத்துக்கு ஸ்போக் வேண்டாம். ஒன்று முறிந்தால் அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டிவிட்டு, சில்லு பிரேக்கில் உரசினால் அந்தப் பிரேக்கைத் தளர்த்தி, மற்றதை நம்பி மெதுவாக வரலாம். பெரிய இறக்கம் இருந்தால் நடந்து வர வேண்டும். நாலைந்து நாள் பயணமாயின் உங்கள் சில்லின் அளவில் இரண்டு மூன்று கம்பிகளை ஆசனத் தண்டுக்குள் செருகி வைக்கலாம். ஹேங்கர் கட்டாயம். பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் அந்த அலுமினியத் துண்டு, சைக்கிள் விழுந்தால் சட்டத்தைக் காப்பாற்றித் தான் வளைவதற்கென்றே மென்மையாகச் செய்யப்படுகிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் வடிவம் வேறு என்பதால் இரவல் வாங்க முடியாது.

கேள்வி: இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? முதுகுப் பையில் வைத்தால் வலிக்கிறது. ஆசனத்துக்குக் கீழ் கட்டினால் கலகலவென்று சத்தம். – வாசகி, புசல்லாவை.

பதில்: ஆசனத்துக்குக் கீழேதான். முதுகில் கருவி இருந்தால் விழும்போது அது முதுகெலும்பில் குத்தும். ஒவ்வொரு கருவியையும் பழைய துணியில் சுற்றுங்கள். சத்தமும் நிற்கும், கை துடைக்கத் துணியும் கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் பொலித்தீன் பைக்குள் போட்டு உள்ளே வையுங்கள். பின்சில்லு வாரியிறைக்கும் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம் அந்தப் பைதான். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கீகள் கறல் பிடித்து மடக்குக் கருவி விரியவே மறுக்கும். டியூபைத் தனியாக ஒரு காலுறைக்குள் போடுங்கள். கருவியோடு உரசி உரசிப் பைக்குள்ளேயே ஓட்டையான புது டியூப்களை நான் பார்த்திருக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும் பாதைகளில் போவதால், பையின் வெளிப்புறத்தில் பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: எவ்வளவு கருவி இருந்தாலும் சில சமயம் முச்சக்கர வண்டியை அழைக்கத்தான் வேண்டியிருக்கிறது. எந்தப் பழுதுக்கு முயற்சியைக் கைவிடலாம்? – வாசகர், பொகவந்தலாவை.

பதில்: முன் கவையிலோ சட்டத்திலோ வெடிப்பு, ரிம்மில் பிளவு, கைப்பிடித் தண்டில் ஆட்டம், இரண்டு பிரேக்கும் செயலிழப்பு ஆகிய நான்கில் எது நேர்ந்தாலும் கருவியை வெளியே எடுக்காமல் தொலைபேசியை எடுங்கள். மிதி கழன்று விழுந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். அதற்குமுன் ஒரு தடவை சரியாக முயன்று பார்க்கலாம். இடப்பக்க மிதியின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை மறந்து, வழக்கமான பக்கமாகத் திருப்பித் திருப்பிப் புரியைக் கெடுத்தவர்கள் பலர்.

முச்சக்கர வண்டிக்குள் சைக்கிளை ஏற்றும்போது இரண்டு சில்லுகளையும் கழற்றினால் எளிதாக அடங்கும். நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். அச்சுத் தண்டையும் அதன் இரு பக்கத்துச் சிறிய கூம்புச் சுருள்களையும் கழற்றியவுடன் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். சாரதி உதவி செய்யும் அவசரத்தில் அவை வண்டியின் தரைவிரிப்புக்குள் உருண்டு போய்விடும். வீட்டுக்கு வந்து மாட்டத் தொடங்கும்போதுதான் ஒன்று குறைவது தெரியும்.